மாடிப்படி லைட்டைப் போட்டால் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது, ஏன்?

சத்துவாச்சாரி_கீழ்வீடு:
வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் குடித்தனக்காரர்கள். தனித்தனி ஈ.பி. சர்வீஸ். சமீபத்தில் கீழ்வீட்டு டி.பி. பாக்ஸில் (ஒயர்கள் பிரிந்து போகும் சுவிட்ச் பெட்டி) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தோம், அந்த அளவுக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. அன்றிலிருந்து மாடிப்படி லைட்டைப் போட்டவுடன் வீடே இருட்டாகிவிடுகிறது. மோட்டார், கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து ஓடினாலும் விழுவதில்லை. பல்பையும் மாற்றிப் பார்த்தோம். வைத்துக் கொடுத்தவர், "கழற்றிடலாம், முன்னாடி நல்லாத்தானே இருந்தது" என்கிறார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, கழற்ற மனமில்லை.

ராணிப்பேட்டை_ஃபிட்டர்:
சுவரில் ஈரம் இறங்கியிருக்கலாம். 100 மில்லி ஆம்பியர் போட்டுப் பாருங்கள், விழாது.

காட்பாடி_வயர்மேன்:
100 வேண்டாம் சார். ஆளை ஷாக்கிலிருந்து காப்பாற்ற 30தான் வேண்டும். ஈரம் என்றால் மழைக்கு விழும், காய்ந்ததும் நிற்கும். நம்ம ஊர் வெயிலில், போட்டவுடன் தவறாமல் விழுகிறது என்றால் நியூட்ரலைத்தான் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) பார்க்க வேண்டும்.

பேஸில் போன கரண்ட் அதே அளவில் நியூட்ரலில் திரும்புகிறதா என்பதை மட்டுமே ஆர்.சி.சி.பி. பார்க்கும். மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் 9 வாட் பல்பு 230 வோல்ட்டில் குறைந்தது 39 மில்லி ஆம்பியர் இழுக்கும். அது உங்கள் பேஸில் கிளம்பி மாடி வீட்டு நியூட்ரலில் திரும்பினால், இங்கே கணக்கு உதைக்கும்.

டூ வே சுவிட்ச் (ஒரே லைட்டைக் கீழேயும் மேலேயும் இருந்து போடுகிற சுவிட்ச்) போடும்போது நிறைய வீடுகளில் நடப்பதுதான் இது. பேஸைக் கீழே எடுப்பார்கள். பல்பு மேலே இருப்பதால், பக்கத்து பாக்ஸில் கிடைத்த மாடி நியூட்ரலில் முறுக்கிவிடுவார்கள். நாலு மீட்டர் ஒயர் மிச்சம், அவ்வளவுதான். எனக்கு இதைப் பார்த்தாலே கோபம் வரும். மாடி மெயின் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற வகையாக இருந்தால், அதை ஆஃப் செய்துவிட்டு வேலை பார்க்கிறவர் நியூட்ரலான கறுப்பு ஒயரைத் தைரியமாகத் தொடுவார். கீழே யாராவது படி லைட்டைப் போட்டால் பல்பு வழியாக அந்தக் கறுப்பு ஒயரில் பேஸ் வந்து நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும்.

அதனால் உங்கள் பழைய வயரிங் நன்றாக இருந்ததே இல்லை. ஆர்.சி.சி.பி. வந்ததால்தான் வெளியே தெரிந்தது. இரண்டு மெயினையும் ஆஃப் செய்து, லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துப் படி லைட் பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். மாடி நியூட்ரலைப் பிரித்துவிட்டு, உங்கள் டி.பி. நியூட்ரல் லிங்கிலிருந்து (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) 1.5 ஸ்கொயர் எம்.எம். கறுப்பு ஒயர் இழுத்தால் போதும். ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு இருக்கிற லிங்க், மீட்டர் பக்கத்து லிங்க் இல்லை.

சத்துவாச்சாரி_கீழ்வீடு:
அண்ணா, நீங்கள் சொன்னதேதான். பாக்ஸுக்குள் மாடியிலிருந்து வந்த கறுப்பு ஒயர், டேப்கூட சுற்றாமல் முறுக்கியிருந்தது. பிரித்துப் புது ஒயர் இழுத்தாயிற்று, இப்போது விழவில்லை. மாடிக்கும் ஆர்.சி.சி.பி. வைக்கலாமா?

காட்பாடி_வயர்மேன்:
கண்டிப்பாக வையுங்கள். வைத்தபின் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். அப்புறம் எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். இங்கே மண் காய்ந்துவிட்டால் எர்த் சரியாக இழுக்காது.