ராக்கெட் படத்தில் இன்னொரு ஒளிக்கோடு: வானிலா, லென்ஸிலா?

குளக்கரையான் (கேள்வி):
வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய ஒரு குளக்கரையிலிருந்து, ஸ்ரீஹரிகோட்டாவில் இரவில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து) படமெடுத்தேன். வலப்பக்கம் அடிவானத்தை ஒட்டிச் செம்மஞ்சள் கோடு ஏறுகிறது; குளத்து நீரிலும் அது மங்கலாகத் தெரிகிறது. ஆனால் இடப்பக்கம், நல்ல உயரத்தில், மெல்லிய பச்சைக் கோடு ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறது. கழன்று விழும் முதல் கட்டமாக இருக்குமோ? அன்று மாலை அதே கரையில் எடுத்த ரயில் படத்திலும் ஒரு புதிர் உண்டு: நேரில் தெரியும் சக்கரங்கள் நீரில் தெரியவில்லை.

குடந்தை வான்நோக்கி:
முதல் கட்டமாக இருக்க வாய்ப்பில்லை. எரிந்து முடிந்த கட்டம் ஒளியின்றிக் கடலில் விழுவதால், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நமக்கு இரவில் அது புலப்படாது. லென்ஸின் முன்னால் யூ.வி. ஃபில்டர் மாட்டியிருந்தீர்களா? கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, ஃபில்டரின் தட்டையான கண்ணாடியில் மோதி மீண்டும் சென்சாருக்கே வந்து, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் தலைகீழாக விழும். ராக்கெட் வலப்பக்கம் ஏற ஏற, இந்தப் போலிப் பிம்பம் இடப்பக்கம் இறங்கும். அதனால்தான் ஏதோ விழுவதுபோல் தோன்றுகிறது. படத்தின் நகலை 180 பாகை சுழற்றி மூலப்படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். பச்சைக் கோடு செம்மஞ்சள் கோட்டின்மேல் பொருந்தினால் ஐயத்துக்கு இடமில்லை. ஓரங்களை வெட்டிய படத்தில் மையம் இடம் மாறியிருக்கும் என்பதால், வெட்டாத கோப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். இரவுப் படங்களுக்கு ஃபில்டரைக் கழற்றிவிடுவதே என் வழக்கம்; அதற்குத் தரும் காசுக்கு இன்னொரு பேட்டரி வாங்கலாம்.

கொள்ளிடக்கரை:
ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். நீரில் தெரிவது நேர்க்காட்சியின் தலைகீழ் நகல் அன்று. கேமரா நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் ஒரு கண் இருந்து அண்ணாந்து பார்த்தால் எது தெரியுமோ அதுவே பிம்பம். அந்தக் கண்ணுக்கு ரயில் மேட்டின் விளிம்பும் ஜல்லியும் சக்கரங்களை மறைத்துவிடுகின்றன. கேமராவை நீரை ஒட்டி இறக்கினால் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். ராக்கெட்டோ மிகத் தொலைவில் இருப்பதால் அதில் இது தெரியாது. அங்கே குறைவது வெளிச்சம் மட்டுமே. அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில் வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நீர் திருப்பி அனுப்பும்.

நாகை உப்பளம்:
2025 ஜனவரி 29 அன்று காலை 6.23 மணிக்கு ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.-எஃப்15 போன்ற விடியற்கால ஏவுதல்களை நீரில் பிடிக்க விரும்புவோர் வயலை நம்ப வேண்டாம். தை மாதத்தில் சம்பாக் கதிர் முற்றியிருக்கும், வயலில் நீர் நிற்காது. வேதாரண்யம் உப்பளப் பாத்திகள் ஏற்றவை. தொலைவு கூடுவதால் ராக்கெட் இன்னும் தாழ்வாகத் தெரியும் என்றாலும், குறுக்கே தென்னை இல்லை. 2023-இல் மீண்டும் திறந்த திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப்பாதையும் அந்தப் பக்கம்தான் முடிகிறது. ரயிலைப் பாதைக்கு வெளியிலிருந்தே எடுங்கள். அனுமதியின்றி உள்ளே நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம்.