பாடசாலைக்கு வீட்டிலிருந்து வரும் கணினிகளுக்கு ஒரு சொல்: ‘கொணர்சாதனம்’

அன்பர்களுக்கு, திருகோணமலையிலிருந்து வணக்கம்.

‘பிவைஓடி’ (BYOD, அதாவது ‘பிரிங் யுவர் ஓன் டிவைஸ்’) என்ற எழுத்துச் சுருக்கத்தால் வழங்கும் முறைக்கு, அதாவது மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் கைத்தொலைபேசி, டெப், மடிக்கணினி ஆகியவற்றைப் பாடசாலையின் இணைய இணைப்பில் சேர்த்துப் படிக்க இடமளிக்கும் முறைக்கு, கலைச்சொற்களை ஆராயும் இக்குழுவில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: ‘உன் கருவியைக் கொண்டுவா’, ‘மாணவர் உடைமைக் கருவி’, ‘தற்சாதனம்’. அகராதியில் அழகாக இருந்து, அறிவித்தற் பலகைக்கு வந்ததும் யாருக்கும் விளங்காமற் போன சொற்கள் நம்மிடம் ஏற்கனவே நிறைய உண்டு. ஆகவே இம்மூன்றையும் பாடசாலையொன்று பெற்றாருக்கு அனுப்பும் கடிதத்தில் வைத்து வாசித்துப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

முதலாவது சொல் கடிதத்தின் முதல் வரியிலேயே தவறிவிடுகிறது. விருந்துக்கு வருவோர் தத்தம் மதுப்புட்டியைத் தாமே கொண்டுவரலாம் என்று அழைப்பிதழ்களில் எழுதும் வழக்கத்தை வேடிக்கையாகத் திருப்பிப் பிறந்த சொல்லே ‘பிவைஓடி’. அங்கே ஏவல் வினை நகைச்சுவை. தமிழில் அது கட்டளை. ‘உன் கருவியைக் கொண்டுவா என்னும் திட்டம் தை மாதம் முதல் நடைமுறைக்கு வருகிறது’ என்று மூதூரிலோ ஈச்சிலம்பற்றிலோ ஒரு தாய் வாசித்தால், பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் விளங்கிக்கொள்வார். 1945 முதல் கட்டணமில்லாக் கல்வியையும், அதன் பின்னர் பாடநூலையும் சீருடைத் துணியையும் அரசின் பொறுப்பாகக் கண்டு வளர்ந்த சமூகத்தில், விருப்பத்துக்கு விடப்பட்ட ஒரு முறை சொல்லின் வடிவத்தினாலேயே கட்டாயமாகத் தோன்றுவது சிறிய குறையன்று.

‘மாணவர் உடைமைக் கருவி’ என்பது கட்டளையிடவில்லை. ஆனால் உண்மையும் சொல்லவில்லை. அமெரிக்கப் பாடசாலைகளைப் பற்றிய எழுத்துகளிலே ‘மாணவருக்குச் சொந்தமான’ என்ற அடைமொழி இயல்பாக வருகிறது. அங்கே பல பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கைத்தொலைபேசி உண்டு. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் இருப்பது குடும்பத்தின் போன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வாட்சப் வழியே வரத் தொடங்கியபோது இதை ஆசிரியர்கள் அனைவரும் கண்டார்கள்: கடலுக்குப் போகும் தகப்பன் போனைக் கையோடு கொண்டுபோனால் அன்று பிள்ளைக்குப் பாடமில்லை, மூன்று பிள்ளைகள் ஒரே திரையைப் பங்கிட்டால் மூத்தவருக்கே முதலிடம். அத்தகைய போனை ‘மாணவர் உடைமை’ என்று எழுதிப் பெற்றாரிடம் கையொப்பம் வாங்குவது, பிற்பாடு அது உடைந்தாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு என்ற கேள்வியில் வீண் சிக்கலைக் கொண்டுவரும்.

‘தற்சாதனம்’ சுருக்கமானது, சந்தியும் சரியானது. ஆனால் தற்செயல், தற்காப்பு, தற்சார்பு என்ற வரிசையில் நின்று அதைக் கேட்பவருக்குத் ‘தானே இயங்கும் சாதனம்’ என்ற பொருளே முதலில் தோன்றக்கூடும். தன்னியக்கம் என்ற சொல் ஏற்கனவே பாடநூலில் இருக்கையில் இந்த மயக்கம் வேண்டியதில்லை.

நான் முன்மொழிவது ‘கொணர்சாதனம்’. ‘கொணர்’ என்னும் வினையடியும் ‘சாதனம்’ என்னும் பெயரும் சேர்ந்த வினைத்தொகை இது. ஊறுகாய், குடிநீர், சுடுசோறு போல முக்காலத்துக்கும் பொருந்தும். நேற்றுக் கொணர்ந்ததும், இன்று கொணர்வதும், நாளை கொணரப்போவதும் அதில் அடங்கும். வினைத்தொகையாதலால் இடையில் வல்லினம் மிகாது. ‘கொணர்ச்சாதனம்’ என்று எழுதுவது பிழை. இச்சொல் யாருக்கு உடைமை என்று சொல்லவில்லை, கொண்டுவரும்படி ஏவவும் இல்லை. பாடசாலையின் பொருளல்ல, வெளியிலிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. வலையமைப்பைப் பராமரிப்பவருக்கும் தெரியவேண்டியது அந்த ஒன்றே.

இந்த இடத்தில் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டும். சொல் எதைத் தாங்கவேண்டும் என்பதைத் தொழினுட்பமே தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

பாடசாலைக் கணினி அறையிலுள்ள கணினியில் எந்த மென்பொருள் இருக்கவேண்டும், எது இருக்கக்கூடாது என்பதைப் பொறுப்பாசிரியர் முடிவுசெய்கிறார். வெளியிலிருந்து வரும் போனில் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அதிலே வைரசு இருக்கலாம். இயங்குதளம் பழையதாக இருக்கலாம். அதனுள்ளே குடும்பத்தின் படங்களும் வங்கிச் செய்திகளும் இருப்பதால், திறந்து பார்க்கும் உரிமையும் ஆசிரியருக்கு இல்லை. எனவே பாடசாலை செய்யக்கூடியது, கொணர்சாதனங்களைத் தனியான ஒரு வலையமைப்புக்குள் நிறுத்தி, பரீட்சைப் புள்ளிகளும் சம்பளப் பட்டியலும் இருக்கும் அலுவலகக் கணினிகளை அவை எட்டாதபடி பிரித்துவைப்பது. ஒரே ஆளியிலும் (கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ‘சுவிட்ச்’ பெட்டி) ஒரே கம்பியிலும் இரண்டு வலையமைப்புகளைத் தனித்தனியே ஓடவிடும் ‘மெய்நிகர் உள்ளக வலையமைப்பு’ என்னும் ஏற்பாடு இதற்காகவே பயன்படுகிறது.

இதற்கு மாற்றாக ‘பதிவுபெற்ற சாதனம்’ என்று ஒரு சொல் போதாதா என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு போனின் மெக் முகவரியையும் (வலையமைப்பு அதை அடையாளங்காணும் வன்பொருள் எண்) குறித்துவைத்து, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் அனுமதிப்பது முன்னர் பலர் கையாண்ட வழி. 2019 இல் வந்த அன்ட்ரொயிட் 10 உம் 2020 இல் வந்த ஐஓஎஸ் 14 உம், தனியுரிமையைக் காக்கும் நோக்கில், ஒவ்வொரு வைஃபை வலையமைப்புக்கும் ஒரு போலி மெக் முகவரியைக் காட்டும் முறையை இயல்பிருப்பாக்கிவிட்டன. பாவனையாளர் அந்த வலையமைப்பை மறக்கச் செய்து மீண்டும் இணைந்தாலோ போனை மீளமைத்தாலோ முகவரி மாறிவிடக்கூடும். எனவே பதிவு என்பது இன்று மாணவரின் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் உரியதே தவிர, சாதனத்துக்கு உரியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பதிவை வைத்து அமைத்த பெயர் நடைமுறைக்கு முரணாகிவிடும்.

வடிகட்டல் விடயமும் இப்படித்தான். அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டின் சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம், இணைய இணைப்புக்குச் சலுகை பெறும் பாடசாலைகள் தகாத படங்களைத் தடுக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கவேண்டும் என்கிறது. பாடசாலையின் சொந்தக் கணினியில் இது எளிது. கொணர்சாதனத்திலோ பெரும்பாலும் தளத்தின் பெயரைப் பார்த்துத் தடுக்கலாம். மறைகுறியாக்கப்பட்ட பக்கத்தினுள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எளிதன்று. போதாக்குறைக்கு, மாணவர் வைஃபையை அணைத்து சிம்மின் டேட்டாவுக்கு மாறினால் பாடசாலையின் வடிகட்டி அவருக்குப் பொருட்டே இல்லை. வெளியிலிருந்து வந்த சாதனத்தில் பாடசாலையின் கட்டுப்பாடு குறைவு என்பதை நினைவூட்டுவதாற்றான் சொல்லில் ‘கொணர்’ என்ற பகுதி இன்றியமையாதது என்கிறேன்.

அடுத்து, இக்குழுவின் இதே உரையாடலில் எழுந்த ‘அதிவேக இணையம்’ என்ற தொடரைப் பற்றி. இது செய்தித்தாள்களில் நிலைத்துவிட்ட தொடர். அதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பாடசாலைத் திட்ட ஆவணங்களில் அதைத் தனியே விடுவது ஏமாற்றத்துக்கு வழிவகுக்கும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும்: காத்திருப்புக்குக் காரணம் பாதை மெதுவாகப் போனது என்பதைவிட, ஒரு தடவையில் எத்தனை பேரும் வண்டிகளும் ஏறமுடியும் என்பதே. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் செக்கனுக்கு 2 மெகாபிட் கேட்கும் காணொளியைத் திறந்தால், அந்த ஒரு வகுப்புக்கே 80 மெகாபிட் வேண்டும். வீட்டிலே ‘வேகமான’ இணைப்பு, பாடசாலையிலே மூச்சுத் திணறுவது இதனால்தான்.

அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 2014 இல் தன் இலக்கை வகுத்தபோது வேகத்தைத் தனியே சொல்லவில்லை. ஆயிரம் மாணவருக்கும் ஊழியருக்கும் செக்கனுக்கு 100 மெகாபிட் என்பதைக் குறுங்கால இலக்காகவும், ஆயிரம் பேருக்கு 1 கிகாபிட் என்பதை நெடுங்கால இலக்காகவும் வைத்தது. அதாவது ஆளுக்கு 1 மெகாபிட். தலையை எண்ணிச் சொல்லும் இந்த முறைக்கு நம்மிடம் சொல் வேண்டும். ஓர் இணைப்பு செக்கனுக்குக் கடத்தக்கூடிய தரவின் அளவுக்குப் ‘பட்டையகலம்’ என்பது இங்கே பாடநூல் வழக்கில் இருப்பதால், ‘ஆள்வீதப் பட்டையகலம்’ என்பதை முன்வைக்கிறேன். தமிழ்நாட்டு அன்பர்கள் ‘கற்றையகலம்’ என்று பழகியிருப்பின் ‘ஆள்வீதக் கற்றையகலம்’ என்று கொள்ளலாம்.

வெளியிலிருந்து வரும் இணைப்பு பெரிதாயிருந்தாலும் உள்ளே வேறு இரண்டு தடைகள் உண்டு. இணையும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் ஒரு வலையமைப்பு முகவரியை (இது மெக் முகவரியன்று) கொடுக்கவேண்டும்; வீட்டுக்கு விற்கப்படும் ரவுட்டர் பெரும்பாலும் 254 முகவரிகளுக்கு மேல் கொடுப்பதில்லை. முந்நூறு போன்கள் வந்தால் மிஞ்சியவை ‘இணைகிறது’ என்று காட்டிக்கொண்டே நிற்கும். பிள்ளைகள் அதை ‘நெட் இல்லை’ என்பார்கள், ஆசிரியர் இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுப்பார், பழுது அங்கே இல்லை. மற்றது காற்றுவெளி: 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே என்பதால், அடுத்தடுத்த வகுப்பறைகளில் அணுகற்புள்ளிகளை (வைஃபை அலை பரப்பும் பெட்டிகளை) நெருக்கி வைத்தால் அவை ஒன்றையொன்று இடைஞ்சற்படுத்தும். 5 கிகாஹேட்ஸில் இடம் அதிகம், ஆனால் சுவரைக் கடக்கும் வலு குறைவு. வகுப்புக்கு ஓர் அணுகற்புள்ளி என்று திட்டமிடுபவருக்கு அந்தக் குறையே நன்மையாகிறது. விலை குறைந்த போன்கள் சிலவற்றில் 5 கிகாஹேட்ஸ் வசதியே இல்லை என்பதையும் இங்கே மறக்கக்கூடாது. கொணர்சாதனம் என்றால் பாடசாலை தெரிவுசெய்யாத சாதனம். வலையமைப்புத்தான் அதற்கு இசையவேண்டும்.

செலவு பற்றியும் ஒரு சொல். 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அமைந்த ‘ஈ-ரேட்’ திட்டம், அமெரிக்கப் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் இணைய இணைப்பின் கட்டணத்தில் 20 முதல் 90 வீதம் வரை கழிவு தருகிறது. வறுமை மிகுந்த இடத்துக்குக் கழிவும் மிகும். ஆனால் மாணவர் கையிலுள்ள போனுக்கோ மடிக்கணினிக்கோ அது பணம் தருவதில்லை. இணைப்பு பொதுப்பணத்தில், சாதனம் வீட்டுப்பணத்தில் என்ற இந்தப் பிரிவே ‘பிவைஓடி’ முறை அங்கே பரவ ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்நாடு 2011 இல் வேறு வழியில் போனது. அரசே மடிக்கணினியைக் கொடுத்தது, ‘இலவசம்’ என்ற சொல்லையும் தவிர்த்து ‘விலையில்லா மடிக்கணினி’ என்றது. சொல்லின் தெரிவு பெறுபவரின் மதிப்பைத் தொடும் என்பதை அந்த அரசு உணர்ந்திருந்தது. அவ்வாறு கொடுக்கப்படும் சாதனத்துக்கு எதிர்ச்சொல்லாக ‘வழங்குசாதனம்’ வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் நான் ஏற்கவில்லை. ‘வழங்கி’ என்பதைச் சேவையகத்துக்கு (‘சேர்வர்’) பயன்படுத்துவோர் குழம்புவர். ‘பாடசாலைச் சாதனம்’ என்று எளிதாக எழுதினாற் போதும்.

எதிர்பார்க்கும் மறுப்புகள் இரண்டு. ‘சாதனம்’ வடசொல், ‘கருவி’ இருக்க அது எதற்கு என்பது முதலாவது. உள்ளீட்டுச் சாதனம், வெளியீட்டுச் சாதனம் என்று இங்குள்ள பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் பரீட்சையில் எழுதும் சொல்லோடு சேராத புதுச்சொல் வகுப்பறைக்குள் நுழையாது. தமிழ்நாட்டில் ‘கொணர்கருவி’ என்று வழங்குவதில் எனக்குத் தடையில்லை, முன்பாதி ஒன்றாயிருந்தால் இரு கரைகளிலும் பொருள் புரியும். இங்கே திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலாநந்தர்தான் 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இருகரை வழக்குகளையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவது நமக்குப் புதிதன்று.

இரண்டாவது மறுப்பு கூடுதல் வலுவுள்ளது. நம் பாடசாலைகளில் ‘போன் கொண்டுவந்த பிள்ளை’ என்பது குற்றச்சாட்டு. ஒழுக்காற்று ஆசிரியரின் மேசையில் இருப்பது ‘கொண்டுவந்த போன்’. அந்த நிழல் புதிய சொல்லிலும் விழாதா? விழக்கூடும் என்பதாற்றான் பேச்சுவழக்கின் ‘கொண்டுவா’வை விடுத்து, பேச்சில் அருகிவிட்ட ‘கொணர்’ என்பதைத் தெரிந்தேன். பொருள் மாறாது, பழி மட்டும் ஒட்டாது. இருப்பினும் அனுமதியுடன் வருவதையும் களவாக வருவதையும் பிரித்துக் காட்டவேண்டிய இடங்களில், குறிப்பாக அதிபரின் அறிவித்தல்களில், ‘அனுமதிபெற்ற கொணர்சாதனம்’ என்று முழுமையாக எழுதுவது நல்லது.

கடிதத்தின் வரி இப்போது இப்படி அமைகிறது: ‘விரும்பும் பெற்றார், தம் பிள்ளை கைத்தொலைபேசியையோ மடிக்கணினியையோ கொணர்சாதனமாகப் பாடசாலையில் பயன்படுத்த எழுத்துமூலம் அனுமதி வழங்கலாம்; கொணர்சாதனம் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடவேளையில் பாடசாலைச் சாதனம் தரப்படும்.’ இரண்டாம் பகுதியைக் காப்பாற்றப் போதிய டெப்கள் அலுமாரியில் இருக்கவேண்டும் என்பது வேறு விடயம். அதை எழுதாமல் முதற் பகுதியை மட்டும் அனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

முறையைக் குறிக்கக் ‘கொணர்சாதன முறை’, அதற்கென ஒதுக்கிய வலையமைப்பைக் குறிக்கக் ‘கொணர்சாதன வலையமைப்பு’ என்று இரு தொடர்களையும் சேர்த்து இடுகிறேன். சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே வரும் சுற்றுநிருபங்களை மொழிபெயர்க்கும் பணியிலுள்ள அன்பர்கள், சிங்கள வடிவில் உடைமை முன்னிற்கிறதா, கொணர்தல் முன்னிற்கிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். இரு மொழிப் பிரதிகளும் இதில் முரண்பட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் கேள்வி எழும்.