மால்ட் பாகு டின்னிலிருந்து முழுத் தானியத்துக்கு மாற என்னென்ன சாதனங்கள் தேவை?

மயிலை ரொட்டிக்காரி:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து வருகிறேன். நிறத்துக்கும் மணத்துக்கும் டின்னில் வரும் பார்லி மால்ட் பாகைத்தான் இதுவரை சேர்த்தேன். இனி மால்ட் செய்த, அதாவது முளைகட்டி உலர்த்திய, பார்லியை வாங்கிப் பாகையும் நானே காய்ச்ச விரும்புகிறேன். வெளிநாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் பாகை விட்டு முழுத் தானியத்துக்கு மாறும்போது செய்கிற வேலைதான் இதுவும் என்பதால் அவர்கள் எழுதியவற்றைப் படித்தேன். மூன்று பெரிய பாத்திரங்கள், பம்பு, அரவை எந்திரம், குளிர்விக்கும் செப்புச் சுருள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. போன வாரம் அரைக் கிலோ தானியத்தை மிக்சியில் அரைத்துப் பழைய வேட்டித் துணியில் கட்டி ஊறவைத்தேன். துணியின் கண்கள் அடைத்துக்கொண்டன; ஒரு மணி நேரம் பிழிந்தும் கூழ்தான் கையில் ஒட்டியது. ஒரு தடவைக்கு இரண்டு கிலோ தானியம் போதும் என்கிற எனக்கு உண்மையில் எவை தேவை?

பழைய லண்டன்வாசி:

வணக்கம் அம்மா. எட்டு ஆண்டுகள் லண்டனில் இருந்தபோது முழுத் தானியத்தில் பீர் தயாரித்திருக்கிறேன். அங்கே வீட்டுத் தேவைக்குப் பீர் தயாரிக்க 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. சென்னைக்குத் திரும்பிய பிறகு, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இங்கே நடைமுறையில் இருப்பதால், ஈஸ்ட் சேர்க்கும் கட்டத்துக்குப் போகாமல் பாகோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவரையிலான வேலையில் எந்த வித்தியாசமும் இல்லை.

முதலில் வாங்க வேண்டியது நல்ல டிஜிட்டல் வெப்பமானி. மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள். தானியத்திலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரிக்குள்தான் இணைந்து நன்றாக வேலை செய்யும். 75 டிகிரியைத் தாண்ட விட்டால் அவை செயலிழந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் இனிப்பு ஏறாது. இரண்டு கிலோ தானியத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தானியமே 30 டிகிரி சூட்டில் இருப்பதால் தண்ணீரை 71 டிகிரிக்குக் காய்ச்சி அதில் கொட்டினால் கலவை 66இல் வந்து நிற்கும். லண்டன் குளிர்காலத்தில் இதற்கே 73 வரை காய்ச்ச வேண்டியிருந்தது.

பாத்திரம் ஒன்றே போதும். ஆஸ்திரேலியர்கள் பரப்பிய பை முறையைப் பின்பற்றுங்கள்: பதினைந்து லிட்டர் எவர்சில்வர் அண்டாவுக்குள் பெரிய துணிப்பையை விரித்து, அதற்குள் தானியத்தைப் போட்டு, நேரம் ஆனதும் பையோடு தூக்கி வடியவிடுவது. வேட்டித் துணியின் நெசவு இதற்கு மிகவும் நெருக்கமானது. ஜன்னல் திரைக்கு விற்கும் மெல்லிய பாலியஸ்டர் வலைத்துணியை வாங்கித் தையற்காரரிடம் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். அண்டாவின் அடியில் இட்லித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டால், இடையில் அடுப்பை மூட்ட நேர்ந்தாலும் பை கருகாது. ஒரு முறை அந்தத் தட்டை மறந்து, துணி அடியில் ஒட்டி ஓட்டை விழுந்து, மொத்தத் தானியமும் சாறோடு கலந்துபோனதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஒரு மணி நேரம் சூடு இறங்காமலிருக்க, மூடிய அண்டாவைப் பழைய கம்பளியால் சுற்றிவையுங்கள். பம்பு வேண்டாம். செப்புச் சுருள் ஈஸ்ட் சேர்ப்பவர்களுக்கு உரியது. பாகு காய்ச்சுகிறவருக்குக் குளிர்விக்கும் வேலையே இல்லை.

பெரம்பூர் தானியம்:

உங்கள் கூழுக்குத் துணி பாதிக் காரணம் என்றால் மிக்சி மறு பாதி. உமி முழுதாக இருந்து, உள்ளே உள்ள பருப்பு மட்டும் மூன்று நான்கு துண்டுகளாக உடைய வேண்டும். அந்த உமிதான் சாறு இறங்குவதற்கு வழி விடுகிறது. தெருவிலுள்ள மாவு மில்லில் கல்லை நன்றாகத் தளர்த்தி, கோதுமைக் குருணைப் பதத்துக்கு உடைத்துத் தரச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த கையோடு போடாமல், கோதுமை அரைத்த பின் போடச் சொல்வது முக்கியம்.

மளிகைக் கடையில் கிடைக்கும் பார்லி அரிசியை முளைகட்டிப் பார்க்க நினைத்தால் அது வேண்டாம். மேல்தோலைத் தீட்டியெடுக்கும்போதே முளைக்கரு சிதைந்துவிடுவதால் அது முளைக்காது.

தண்ணீரையும் கவனியுங்கள். கலவையின் பிஎச், அதாவது அமில-காரத்தன்மையின் அளவு, 5.2 முதல் 5.6 வரை இருப்பது நல்லது. எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். அதில் செய்தபோது சாறு துவர்த்தது. சுத்திகரித்த தண்ணீருக்கு மாறிய பிறகு துவர்ப்பு போய்விட்டது.

மயிலை ரொட்டிக்காரி:

இருவருக்கும் மிக்க நன்றி. மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாகிவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வது? கொதிக்கவைத்துச் சுண்டுவதற்கு அண்டாவே போதுமா?

பழைய லண்டன்வாசி:

மருந்துக் கடையில் அயோடின் டிங்சர் ஒரு சிறு புட்டி வாங்குங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் உமி கலவாத சாற்றை ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் அதன்மேல் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். தொடக்கத்தில் கருநீலமாக மாறும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அயோடினின் தேநீர் நிறம் மாறாமல் அப்படியே நின்றால் வேலை முடிந்தது என்று பொருள். சோதித்த சொட்டைப் பாத்திரத்தில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள்.

பையைத் தூக்கிய பின் 75 டிகிரி வெந்நீர் மூன்று லிட்டரை அதன்மேல் மெல்ல ஊற்றிக் கழுவினால், தங்கியுள்ள இனிப்பும் இறங்கிவிடும். மொத்தம் ஏழு லிட்டர் வரை கிடைக்கும். சுண்டுவதற்கு அண்டாவைவிட அகலமான உருளி நல்லது. பரப்பு கூடக்கூட நீராவி விரைவாகப் போகும், எரிவாயுவும் மிச்சமாகும். கடைசிக் கால் மணி நேரம் தீயைக் குறைத்து, கரண்டியை எடுக்காமல் கிளறுங்கள், ஏனெனில் அப்போதுதான் அடிப்பிடிக்கும். வெல்லப் பாகு காய்ச்சிப் பழகிய கைக்குப் பதம் தானாகவே தெரியும்.

பெரம்பூர் தானியம்:

வெப்பமானி வாங்கியவுடன் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் ஒரு முறையும், கொதிக்கும் தண்ணீரில் ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். சென்னை கடல்மட்டத்தை ஒட்டி இருப்பதால் 0, 100 என்று ஏறக்குறைய சரியாகக் காட்ட வேண்டும். எனக்கு முதலில் வந்தது நான்கு டிகிரி குறைத்துக் காட்டியது. அதை நம்பிச் செய்த முதல் இரண்டு தடவையும் சூடு கூடிப்போய் இனிப்பு சரியாக ஏறவில்லை.