செயின்சா வலப்பக்கம் வளைந்து அறுக்கிறது, பாரும் புகைகிறது. பெட்ரோல் மெஷின் வாங்கணுமா?

கிராஞ்சி அடுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், லிம் சூ காங்கில் நண்பரின் பண்ணை இருக்கிறது. வாரக் கடைசியில் அங்கே விறகடுப்பு மூட்டி, பிரியாணி, ஆட்டுக்கால் என்று ஒரு சின்னக் கூட்டத்துக்குச் சமைப்போம். விறகுக்குப் பஞ்சமில்லை. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் அங்சானா, தூங்குமூஞ்சி, அக்கேசியா கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். குறுக்களவு ஒரு சாண், ஒன்றரைச் சாண் இருக்கும். அவற்றை அடுப்புக்குத் தக்க நீளத்தில் அறுப்பது என் வேலை.

மெஷின் 36 வோல்ட், அதாவது 18 வோல்ட் பேட்டரி இரண்டு போடுகிற வகை. பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு, 14 அங்குலம். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நாளாக எவ்வளவு நேராகப் பிடித்தாலும் அறுப்பு வலப்பக்கம் வளைந்துகொண்டே போனது, தூளும் மாவாகக் கொட்டியது. சரி, செயின் தேய்ந்துவிட்டது என்று இணையத்தில் புதுசு வாங்கிப் போட்டேன். இப்போது தூள் செதில் செதிலாக வருகிறது. ஆனால் வளைவது நிற்கவில்லை. பாதிக் கட்டைக்கு மேல் போனால் பார் மாட்டிக்கொள்கிறது, புகை வருகிறது.

"பேட்டரி மெஷினுக்குச் சக்தி பத்தாது, 50 சிசி பெட்ரோல் வாங்கு" என்கிறார் நண்பர். வாங்கிவிடலாமா?

தேக்கா தம்பி:

அண்ணே, நான் மரம் வெட்டுற கம்பெனியிலதான் வேலை பாக்குறேன். எங்ககிட்ட இருக்கிறது எல்லாமே பெட்ரோல்தான். பேட்டரி மெஷின் சின்னக் கிளை கழிக்கத்தான் லாயக்கு. கண்ண மூடிக்கிட்டு பெட்ரோல் வாங்குங்க.

ஈசூன் மாமா:

தம்பி, பணத்தைப் பையிலேயே வையுங்கள். சக்தி பத்தாத மெஷின் திணறும், நிற்கும். வளையாது. வளைவது செயின், பார் இரண்டில் ஒன்றின் குற்றம். இதே பாரையும் செயினையும் 50 சிசி மெஷினில் மாட்டினால், இப்போதைவிட வேகமாக வளையும், அவ்வளவுதான்.

நான் சுங்கை காடுட் பக்கம் மரப்பட்டறையில் வெகுகாலம் இருந்தவன். செயினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெட்டும் பல் ஒன்று இடப்பக்கம் பார்த்திருக்கும், அடுத்தது வலப்பக்கம். 1946இல் ஜோசப் பூஃபோர்ட் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப்புழுவை உற்றுப் பார்த்து எடுத்த யோசனை அது. புழு தன் தாடையால் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டு மரத்துக்குள் போகிறது. அதற்கு முன்னால் இருந்த செயின்களில் கைரம்பத்தின் பல்தான். இன்றைக்கு நாம் போடும் செயின் எல்லாம் அந்தப் புழுவின் வாரிசு.

இரண்டு பக்கப் பல்லும் ஒரே நீளம், ஒரே கூர் இருந்தால் செயின் நேராக இறங்கும். ஒரு பக்கம் மழுங்கினால், கூராக இருக்கிற பக்கம் நோக்கி இழுக்கும். உங்களுக்கு வலப்பக்கம் வளைந்தது என்றால், பழைய செயினில் இடப்பக்கப் பற்கள் அடிபட்டிருக்கும். சாலையோர மரக் கட்டையா? ஆணி, விளக்குக் கம்பி எதையாவது அந்த மரம் விழுங்கியிருக்கும். ஒரு ஆணி போதும், ஒரு பக்கப் பற்களைக் காலி செய்துவிடும்.

ஆனால் புதுச் செயினிலும் வளைகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான செய்தி. புதுச் செயினில் இரண்டு பக்கமும் சமமாகவே வரும். அப்படியானால் பார் தேய்ந்திருக்கிறது, இல்லை செயினும் பாரும் ஜோடி சேரவில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்காக மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பாரின் பக்கவாட்டில், மெஷின் ஓரமாகப் பொறித்திருக்கும் எண்கள் என்ன? செயின் வந்த பெட்டியில் என்ன போட்டிருக்கிறது? மூன்றாவது, ஒரு ஸ்டீல் ஸ்கேலை பாரின் பக்கத்திலும் ஒரு பல்லின் பக்கத்திலும் சேர்த்து வையுங்கள். பாருக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா, இல்லை செயின் சாய்ந்து ஸ்கேல் பாரோடு ஒட்டிக்கொள்கிறதா?

பொங்கோல் பிரியா:

புகையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள்? மெஷினை ஓடவிட்டு, பாரின் நுனியை ஒரு அட்டைப்பெட்டிக்கு நேரே கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் பாருக்கு எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். எண்ணெய் போகாத பார் புகையத்தான் செய்யும்.

கிராஞ்சி அடுப்பு:

மாமா, பிரியா, இருவருக்கும் நன்றி. பாரில் 3/8, 1.3 மில்லிமீட்டர், 52 என்று இருக்கிறது. செயின் பெட்டியில் 14 அங்குலம், 3/8 லோ புரொஃபைல், 52, 1.1 மில்லிமீட்டர். அங்குலமும் 52ம் ஒத்துப்போனதால் சரியானது என்று எடுத்துவிட்டேன். ஸ்கேல் வைத்தால் செயின் அப்படியே சாய்கிறது, வெளிச்சமே தெரியவில்லை.

அட்டையில் எண்ணெய்க் கோடு விழவில்லை. இரண்டு சொட்டு, அதோடு சரி. சாப்பாட்டு விறகுக்கு எஞ்சின் ஆயில் படவேண்டாம் என்று சமையல் எண்ணெய் ஊற்றியிருந்தேன்.

ஈசூன் மாமா:

பிடிபட்டது. அந்த 1.1 என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிக்கொக்கியின் தடிமன். உங்கள் பாரின் பள்ளம் 1.3. நடுவில் 0.2 மில்லிமீட்டர் காலி. கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்த இடைவெளியில் செயின் சாய்கிறது. சாய்ந்த பல் சாய்வாகத்தானே வெட்டும்? போதாக்குறைக்குப் பழைய மழுங்கிய செயின் வலப்பக்கமே அழுத்தி அழுத்தி பாரின் ஒரு விளிம்பைத் தேய்த்திருக்கும். புதுச் செயின் அந்தப் பக்கமே சாய்கிறது.

செயின் வாங்கும்போது நான்கு எண் ஒத்துப்போக வேண்டும். அங்குல நீளத்தை மட்டும் பார்த்து விற்பவர்களும் வாங்குபவர்களும் நிறையப் பேர். பிட்ச், அதாவது செயின் கண்ணிகளின் இடைவெளி 3/8 அங்குலமா, .325 அங்குலமா என்பது, மெஷினில் செயினைச் சுற்றும் பல்சக்கரத்தோடு, ஸ்ப்ராக்கெட்டோடு, பொருந்தணும். தடிமன் பாரோடு பொருந்தணும். அடிக்கொக்கிகளின் எண்ணிக்கை, அந்த 52, சுற்றளவைச் சொல்கிறது. நான்காவது, உயரம் குறைந்த லோ புரொஃபைலா, பெரிய 3/8ஆ என்பது. இரண்டும் ஒரே 3/8 என்று எழுதியிருந்தாலும் ஒன்று மற்றதற்குப் போடக்கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: பாரைக் கழற்றுங்கள். பள்ளத்தில் மெல்லிய தகடு ஒன்றைவிட்டு உள்ளே இறுகிக் கிடக்கும் தூளைச் சுரண்டி எடுங்கள். மெஷின் ஓரமாக பாரில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், எண்ணெய் அதன் வழியாகத்தான் பள்ளத்துக்கு வருகிறது. குத்தி அடைப்பை எடுங்கள். விளிம்பில் வெளியே மடிந்திருக்கும் பிசிறைத் தட்டை அரத்தால் உரசி எடுத்து, இரண்டு விளிம்பும் ஒரே உயரமா என்று பாருங்கள். கண்ணாடிப் பலகை மேல் நிமிர்த்தி வைத்தால் பார் நேராக நிற்க வேண்டும். மாட்டும்போது பாரை மேல் கீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

பழைய செயினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் மேல்தட்டில் பொறித்திருக்கும் கோட்டுக்கு இணையாக, பெரும்பாலும் 30 பாகை சாய்வில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. முதலில் மிகச் சிறியதாகப் போன பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாப் பல்லையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாரும் சோம்பல்படுகிற இடம் இதுதான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, டெப்த் கேஜ், அது பல்லைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கென்று தகடு விற்கிறார்கள், கண்ணளவு வேண்டாம். அதிகமாக இறக்கினால் செயின் மரத்தைக் கடித்து உதறும்.

பொங்கோல் பிரியா:

சமையல் எண்ணெய் வேலை செய்யும், கெட்டதில்லை. ஆனால் வாரக்கணக்கில் மெஷினுக்குள் நின்றால் பிசினாகிவிடும். உங்கள் எண்ணெய்த் துளை அடைபட்டது அதனால்தான். சமைக்கிற விறகுக்குக் கவலை இருந்தால் தாவர எண்ணெயில் செய்த செயின் எண்ணெய் தனியாகக் கிடைக்கிறது, மக்கும் வகை, சீக்கிரம் பிசினாகாது. பழைய எஞ்சின் ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

செயின் இறுக்கத்தையும் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது பாரின் அடிப்பக்கம் தொங்காமல் ஒட்டியிருக்கணும், கையுறை போட்டு இழுத்தால் தடையில்லாமல் சுற்றணும். புதுச் செயின் முதல் கொஞ்ச நேரத்திலேயே நீளும், நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். சூட்டோடு இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், ஆறும்போது அது சுருங்கி பாரைப் பிடித்துக்கொள்ளும்.

தேக்கா தம்பி:

சரி மாமா, பெட்ரோல் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் 😅 பார் மாட்டுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கே. ரெண்டு முனையும் தாங்கியில கிடக்கிற கட்டைய மேல இருந்தே முழுசா அறுத்தா நடுவுல தொங்கி, வாய் மூடிக்கும். மேல மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு மிச்சத்த கீழ இருந்து அறுங்க. ஒரு முனை அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருந்தா அப்படியே தலைகீழ், முதல்ல கீழ இருந்து. கீழ இருந்து அறுக்கும்போது மெஷின் உங்க பக்கம் தள்ளும், ரெண்டு கையும் இறுகப் பிடிக்கணும். பாரோட மூக்கு, அதுலயும் மேல் பாதி, எதுலயும் படக்கூடாது. பட்டா மெஷின் முகத்துக்கு எகிறும். எங்க சூப்பர்வைசர் தினம் காலைல இத மட்டும்தான் கத்துவாரு.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். ஊருக்கு லீவுல போறேன், ஒரத்தநாடு பக்கம். அண்ணனுக்கு வேலிக்கருவை அறுக்க அண்ணே வச்சிருக்கிற மாதிரி பேட்டரி மெஷின் எடுத்துட்டுப் போலாமா?

பொங்கோல் பிரியா:

தம்பி, பேட்டரிதான் கணக்கு. 18 வோல்ட் 5 ஆம்பியர்-ஹவர் என்றால் பெருக்கினால் 90 வாட்-ஹவர். 100க்குள் இருப்பதால் கைப்பையில் கொண்டுபோகலாம், முனைகளை டேப் போட்டு மூடிவிடுங்கள். 100இலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிக்குக் கிடையாது. மெஷினைச் செக்-இன் பெட்டியில் போடணும், பேட்டரி இல்லாமல். ஒருமுறை பெட்ரோல் ஊற்றி ஓட்டிய மெஷினை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள், வாசனை இருந்தாலே திருப்பி அனுப்புவார்கள். சார்ஜருக்கு இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. ஆனால் செயின், பார் அங்கே கிடைக்கிற அளவா என்று அண்ணனை முதலில் கடையில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசு:

மெஷின் பேச்சு முடிந்தால் விறகைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் கட்டை என்ன மரம் என்று கேட்டு வாங்குங்கள். ரெங்காஸ் இருந்தால் தொடவே வேண்டாம். மா, முந்திரிக் குடும்பம்தான், ஆனால் அதன் பால் கறுத்து, பட்ட இடம் கொப்பளிக்கும், புகையும் ஆகாது. அரளியும் அப்படியே ஒதுக்குங்கள். சரக்கு அடுக்கும் தட்டுப்பலகைகளை (பேலட்) எரித்தால் முத்திரை பாருங்கள்: எச்டி என்றால் சூடாக்கியது, எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எம்பி சமையலுக்கு ஆகாது.

இந்த ஊர் ஈரப்பதத்தில் விறகு தானாக எலும்பாகக் காயாது. பிளந்து, தரையிலிருந்து தூக்கி, காற்றுப் போகும்படி அடுக்கி, மேலே மட்டும் கூரை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் போதும், ஈரமானி மலிவாகக் கிடைக்கிறது. டிசம்பர் மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடுவீர்கள், அதன் மடிப்பில் தண்ணீர் தேங்கினால் கொசுப்புழு வந்துவிடும், சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்தால் அபராதம். சாய்வாகக் கட்டுங்கள். மிச்சத் தூளையும் கிளைகளையும் குவித்துக் கொளுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள், கழிவைத் திறந்தவெளியில் எரிக்க இங்கே தடை. பண்ணையோரம் நிற்கிற மரத்தின் மேலும் கண் வைக்க வேண்டாம், காலி நிலத்தில் 1 மீட்டர் சுற்றளவைத் தாண்டிய மரத்துக்கு தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

கிராஞ்சி அடுப்பு:

செய்து பார்த்துவிட்டேன். பார் பள்ளத்திலிருந்து வந்த தூளும் பிசினும் ஒரு கரண்டிக்கு மேல் இருக்கும். மாமா சொன்னபடி பழைய செயினில் இடப்பக்கப் பற்களின் முனை மின்னிக்கொண்டு மழுங்கியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு அரம் போட்டு, பாரைத் திருப்பி மாட்டினேன். ஒன்றரைச் சாண் அங்சானா நேராக இறங்கியது, புகை இல்லை, அட்டையில் எண்ணெய்க் கோடு தெளிவாக விழுகிறது. ஸ்கேல் வைத்தால் இப்போது வெளிச்சம் தெரிகிறது, ஆனால் கொஞ்சம்தான். அடுத்து பார் மாற்ற வேண்டியிருக்குமோ?

ஈசூன் மாமா:

கொஞ்சம் தெரிந்தால் கொஞ்ச நாள் ஓடும். மறுபடி சாயத் தொடங்கினால் பாரும் 1.3 செயினும் சேர்த்து வாங்கிவிடுங்கள், பெட்ரோல் மெஷினின் விலையில் சிறு பங்குகூட வராது.

கிராஞ்சி அடுப்பு:

சரி மாமா. அந்த 1.1 செயின் சும்மா கிடக்கிறது, கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். யாருக்காவது வேண்டுமென்றால் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

தேக்கா தம்பி:

அண்ணே எனக்கு! ஊர்ல அண்ணன்கிட்ட பழைய 14 அங்குல மெஷின் ஒண்ணு இருக்கு, அதுக்காவது ஆகும்.

ஈசூன் மாமா:

அண்ணனுக்குப் போன் போட்டு பாரில் என்ன எண் இருக்கிறது என்று முதலில் கேளப்பா.