மாட்டுக்குப் பதில் பீன்ஸ்: அமெரிக்க ஃபாஸ்ட் ஃபுட்டும் நம் வயிறும்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அமெரிக்க ஃபாஸ்ட் ஃபுட்டில் ருசியெல்லாம் அப்புறம்தான். எந்தக் கடையில் என்ன கேட்கலாம், எதை எடுக்கச் சொல்லலாம் என்று தெரிந்துகொள்வதே பெரிய வேலை. நான் கல்யாணமாகி ஒஹாயோ வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். வெளியூர் கிளம்பினால் ஹைவேயில் எக்ஸிட்டுக்கு எக்ஸிட் கடை போர்டுகள் வரிசையாக வரும், நமக்கு ஆகிற மாதிரி ஒன்றும் இருக்காது. பர்கர் கடையில் வெஜிடேரியன் என்று சொன்னால், நடுவில் இருக்கும் கறியை மட்டும் எடுத்துவிட்டு பன், தக்காளி, பிக்கிள், சீஸ் என்று அடுக்கித் தருவார்கள்.

அதனால் ஃப்ரைஸ்தான் கதி. மெக்டொனால்ட்ஸ் 1990-இல் மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்திருந்தது. நம் ஆட்கள் அதை நம்பித்தான் சாப்பிட்டார்கள். 2001-இல் சியாட்டிலில் ஓர் இந்திய வழக்கறிஞர் வழக்குப் போட்ட பிறகுதான், உருளைக்கிழங்கு கடைக்கு வருவதற்கு முன்பே தொழிற்சாலையில் அதில் சுவைக்காக மாட்டிறைச்சிச் சாறு சேர்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. அப்போது கோயிலில் பிரசாத வரிசையில்கூட இதே பேச்சுதான். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2002-இல் 1 கோடி டாலருக்குச் சமரசம் ஆகி, பணம் இந்து அமைப்புகள், சைவ உணவு அமைப்புகள் போன்றவற்றுக்குப் போனது. இன்றைக்கும் அங்கே ஃப்ரைஸின் உட்பொருள் பட்டியலில் ‘பீஃப் ஃப்ளேவர்’ என்று இருக்கும். கோதுமையும் பாலும் சார்ந்தது என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

நிலைமையைக் காப்பாற்றியது டாகோ பெல் என்கிற மெக்சிகோ பாணிக் கடை. மெக்சிகோக்காரர் யாரும் அதை மெக்சிகோ சாப்பாடு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்கும் அதைப் பெரிய சாப்பாடு என்று சொல்ல மனமில்லை. ஆனால் அவர்கள் பீன்ஸில் (நம்மூர்ப் பச்சைக் காய் இல்லை, பயறு மாதிரி வேகவைத்து மசித்தது) பன்றிக் கொழுப்பு சேர்ப்பதில்லை. மெனுவில் பாதிக்கு மேல் எதையும் ‘மாட்டுக்குப் பதில் பீன்ஸ்’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம், ஏன் எதற்கு என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். 2015-இல் அமெரிக்க வெஜிடேரியன் சங்கத்தின் சான்றிதழே வாங்கிவிட்டார்கள். நம் வீடுகளில் அதற்கு ரொம்ப முன்னாலேயே சான்றிதழ் கொடுத்தாயிற்று.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது புளியோதரைத் தூக்கு இல்லாமல் காரில் ஏற மாட்டாள். நயாகரா போய்த் திரும்பும்போது கட்டிக்கொண்டு போனதெல்லாம் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு பீன் புரீட்டோவைக் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். இரண்டு வாய் ஆனதும், “சப்பாத்திக்குள்ள காராமணி மசியல வச்சுச் சுருட்டிட்டு இதுக்கு ஒரு பேராடி? உப்பு உறைப்பு ஒண்ணுமில்ல, அந்த சாஸ எடு” என்றாள். ஃபயர் சாஸ் பாக்கெட்டுகளைப் பல்லால் கிழித்துக் கிழித்து ஊற்றிக்கொண்டு முழுசையும் முடித்தாள். மிச்ச பாக்கெட்டுகள் அவள் கைப்பையில் ஏறி வீடு வந்து, மறுநாள் உப்புமாவுக்குத் தொட்டுக்கொள்ள ஆயின.

வேறொரு கடை, பேர் வேண்டாம். டிரைவ் த்ரூவில் வாங்கி, ரொம்ப தூரம் ஓட்டிப் போன பிறகு பிரித்தால் உள்ளே கொத்துக்கறி. அன்றிலிருந்து வீட்டுக்காரர் எந்தக் கடையானாலும் பையை வாங்கியதும் பார்க்கிங்கில் ஓரம்கட்டிவிடுவார். உள்விளக்கைப் போட்டு, மேல்தாளைப் பாதி பிரித்து, மடிப்பு ஓரத்தை விரலால் விலக்கிப் பார்ப்பார். பீன்ஸ் என்றால் ஒரே பழுப்பாக மசிந்திருக்கும். கறி என்றால் பொடிப்பொடியாக எண்ணெயில் மினுக்கும். பின்சீட்டில் பிள்ளைகள் பசியில் கத்தினாலும் பரிசோதனை முடியாமல் வண்டி நகராது.

பிள்ளைகளுக்கு மெக்சிகன் பீட்சா என்றால் உயிர். மொறுமொறு டார்ட்டியா ரொட்டி இரண்டு, நடுவில் பீன்ஸ், மேலே சாஸ், சீஸ், தக்காளி. 2020 நவம்பரில், அட்டைப்பெட்டிக் கழிவைக் காரணம் காட்டி அதை நிறுத்தினார்கள். ஓர் இந்திய வம்சாவளி இளைஞர் ஆன்லைனில் மனு போட, லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. 2022 மே மாதம் திரும்ப வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டோம். தேர்தலில்கூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது.

*

ஒஹாயோ அக்கா சைவக் கதை சொன்னார், இனி என் கதை. நான் காரைக்குடிக்காரன், அசைவம்தான், மாடு மட்டும் கிடையாது. அதனால் படிக்க வந்த காலத்தில் எனக்கு வாய்த்தது மெக்டொனால்ட்ஸ் மீன் பர்கர். அதன் பிறப்பே நம்மைப் போன்ற கேஸ்தான். சின்சினாட்டியில் லூ க்ரோயன் என்பவர் கடை எடுத்து நடத்தினார். சுற்றிலும் கத்தோலிக்கர்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் கறி தொட மாட்டார்கள், இவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். மீன் போடலாமா என்று கேட்டால் பெரிய முதலாளி ரே க்ராக்குக்குப் பிடிக்கவில்லை. சுட்ட அன்னாசித் துண்டை சீஸோடு பன்னுக்குள் வைத்து ‘ஹூலா பர்கர்’ என்று அவர் ஒன்றைக் கொண்டுவந்தார். 1962 புனித வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். க்ரோயன் பிற்காலத்தில் சொன்ன கணக்குப்படி மீன் 350, அன்னாசி 6. நல்லவேளை. அன்னாசி ஜெயித்திருந்தால் என் பட்டப்படிப்பு என்ன ஆகியிருக்கும்!

அதில் சீஸ் பாதி ஸ்லைஸ்தான் வைப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? பன்னையும் வாட்டாமல் ஆவியில் வைப்பதால் மெத்தென்று இருக்கும். மீன் வாசனை பேருக்குத்தான் வரும். எங்கள் அப்பத்தாவிடம் கொடுத்தால் முள்ளே இல்லாததை மீன் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

*

மலேசியாவிலிருந்து ஒரு கிள்ளான்காரன் குறுக்கே வரலாமா, காரைக்குடி அண்ணே? இங்கே ஏ அண்ட் டபிள்யூ என்கிற அமெரிக்கக் கடை 1963-லேயே வந்துவிட்டது. எங்கள் அப்பா வயது ஆட்களுக்கு ஃபாஸ்ட் ஃபுட் என்றாலே பனி பூத்த கண்ணாடிக் குவளையில் ரூட் பியர் (பேர்தான் பியர், மது இல்லாத குளிர்பானம்), கூட ஒரு வாஃபிள். பன்றி பற்றிக் கவலையே இல்லை, பெரிய கடைகளெல்லாம் ஹலால். மாட்டு விஷயத்தில்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். சீனப் பெருநாளுக்கு வரும் ப்ராஸ்பரிட்டி பர்கரில் மாடும் உண்டு, கோழியும் உண்டு. கருமிளகு சாஸில் முக்கி எடுத்தபின் பார்வைக்கு எது எது என்று சட்டென்று தெரியாது. அம்மா இன்றும் முதல் கடியை எங்களுக்குத்தான் கொடுப்பார், “கோழிதானே?” என்று கேட்டுக்கொண்டே.

*

ஒஹாயோக்காரி மறுபடியும். கிள்ளான் தம்பியின் அம்மா நம்ம கட்சி! புதிதாக அமெரிக்கா வருகிற சைவக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. பர்கர் கிங் 2019-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த இம்பாசிபிள் வாப்பர் பர்கரில் உள்ளே இருப்பது தாவரம்தான். ஆனால் சாதாரணமாக மாட்டிறைச்சி சுடும் அதே அடுப்பில்தான் அதையும் சுடுவார்கள். தனியாகச் சூடு பண்ணித் தரச் சொன்னால் செய்து தருவார்கள். மயோனைஸில் முட்டை இருக்கும், வேண்டாதவர்கள் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். மத்தியானக் கூட்டத்தில் மட்டும் போய்க் கேட்காதீர்கள், பசியோடு நிற்க வேண்டியிருக்கும்.