மேல்மலை சொந்தங்கள் குழு: ஓடைத் தண்ணிக்கு ஒரு தீர்மானம்

அத்தை: அக்டோபர் 2 கிராம சபைக்கு ஓடைத் தீர்மானம் கொடுக்கணும். மேல தங்கும் விடுதிக்குக் குழாய் போட்டு இழுக்கிறாங்கன்னு எழுதுனா போதுமா?

சித்தப்பா: நிக்காதுக்கா. காந்தி 1917-ல பீகார் சம்பாரண்ல செஞ்சதைப் பாருங்க. அவுரி விவசாயிங்க குறையைக் கேட்டதும் போராட்டம்னு எறங்கல. ஆயிரக்கணக்கான பேர்கிட்ட வாக்குமூலம் எழுதுனாங்க. ஒவ்வொருத்தரையும் குறுக்குக் கேள்வி கேட்டு, நிக்காததைத் தள்ளிட்டாங்க. ரகசியப் போலீஸ் பக்கத்துல உக்காந்திருக்கவே எழுதுனாங்க. நமக்கும் அதுதான் வழி. மொதல்ல கணக்கு.

தம்பி: என்ன கணக்கு சித்தப்பா?

சித்தப்பா: ஓட்டம் எவ்வளவுன்னு. அவங்க குழாய்க்கு மேல ஒரு இடம், கீழ ஒரு இடம். மண் மூட்டையும் களிமண்ணும் வச்சு அடைச்சு, மொத்தத் தண்ணியும் 4 இஞ்ச் குழாய்த் துண்டு வழியா விழணும். 20 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை விநாடின்னு 3 தடவை பாருங்க. 40 விநாடின்னா விநாடிக்கு அரை லிட்டர், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணி தர்ற ஜல் ஜீவன் திட்டத்துக் கணக்கு, ஒரு நாளைக்கு ஆளுக்கு 55 லிட்டர். அப்போ 785 பேருக்குக் காணும்.

சித்தி: ஓரத்துல கசிஞ்சா அளவு குறைச்சுக் காட்டும், அதைப் பாத்துக்கங்க அண்ணி. மழை நேரத்து அளவை மட்டும் வச்சா "தண்ணிதான் நிறைய ஓடுதே"ன்னு மடக்கிருவாங்க. மார்ச், ஏப்ரல்லயும் அளந்து அதே நோட்டுல தேதி, நேரம், அளந்தவங்க கையெழுத்தோட ஏத்தணும்.

தம்பி: கிராம சுயராஜ்யம்னு காந்தி எழுதுனதைச் சேக்கலாமா?

சித்தப்பா: 1942 ஜூலை 26 ஹரிஜன் இதழ்ல, ஊருக்குன்னு சுத்தமான குடிநீர் ஏற்பாடு இருக்கணும்னு எழுதியிருக்காரு. ஒரு வரி போதும்.

பெரியப்பா: அதோட இதையும் மனசுல வைங்க. 1948 நவம்பர் 4-ல அரசியல் நிர்ணய சபையில அம்பேத்கர், கிராமம்ங்கிறது குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கிற எடம்னு கடுமையாச் சொன்னாரு. அது நியாயம். காலனிக்குத் தண்ணி கடைசியாத்தான் போகும்னா அது என்ன சுயராஜ்யம்? தெரு வாரியா எத்தனை வீடு, எத்தனை குழாய், கடைசி வீட்டுக்கு எத்தனை நிமிஷம் வருதுன்னு எழுதுங்க. மீட்குற தண்ணி மொதல்ல அங்க போகணும்னு தீர்மானத்துலயே இருக்கட்டும். சபையையும் அந்தத் தெருவுல நடத்தக் கேளுங்க.

அத்தை: சரிண்ணே. சேக்குறேன்.

சித்தி: ஆள் எண்ணிக்கை முக்கியம். மக்கள் தொகை 500 வரைக்கும் 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200. கொறைஞ்சா கோரம், அதான் கூட்டம் நடத்தத் தேவையான ஆள், இல்லைன்னு தள்ளி வச்சிருவாங்க. வாசகத்துல "ஆவன செய்ய" வேண்டாம், அதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லாமப் போயிரும். சர்வே எண், எந்த அதிகாரி, எத்தனை நாளுக்குள்ள, மூணும் வேணும். விடுதியோட கட்டட அனுமதியை ரத்து செய்யுறோம்னு எழுதாதீங்க, சபைக்கு அந்த அதிகாரம் இல்லை. ஓடைப் புறம்போக்கை வருவாய்த் துறை அளந்து குழாயை எடுக்கணும்னு கேளுங்க. குழாய் தொடங்குற எடம் சோலைக்குள்ளன்னா வனச்சரகருக்கும் நகல்.

பெரியப்பா: வெறும் பக்கத்துல யாரும் கையெழுத்து போடக்கூடாது. எழுதி, வாசிச்ச பெறகுதான்.

தம்பி: தீர்மானப் பக்கத்தை அன்னைக்கே போட்டோ எடுத்துருவோம். நகல் தரலைன்னா 2005 தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு. 30 நாள்ல பதில் தரணும்.

அத்தை: நாளைக்குக் காலைல 6 மணிக்கு அளக்குறோம். ராத்திரி மழை பெஞ்சா?

சித்தப்பா: 2 நாள் விட்டு அளங்கக்கா. ஓடை பழையபடி தெளியட்டும்.