‘ஆப்பர்ச்சூன்’ எங்கிருந்து வந்தது? லத்தீன் அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தக்க தருணத்தில் வாய்ப்பதைக் குறிக்கும் ‘ஆப்பர்ச்சூன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் சிக்கி நிற்கிறேன். எழுதிவரும் சொல்லாய்வுக் கட்டுரை இதனால் பாதியில் கிடக்கிறது.

லத்தீனில் ‘ஓப்’ என்றால் நோக்கி. ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம். கப்பலைக் கரைசேர்க்கும் காற்றுக்குச் சொன்ன பெயர் ‘ஓப்போர்ட்டூனுஸ்’ என்றே இன்றைய ஆங்கில அகராதிகள் பலவும் எழுதுகின்றன. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1879இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதியைப் புரட்டினால், ‘துறைமுகத்தருகே, துறைமுகத்துக்கு முன்’ என்பதோடு வேர்விளக்கம் முடிந்துவிடுகிறது. காற்றைக் காணோம்! எதிர்ச்சொல்லான ‘இம்போர்ட்டூனுஸ்’ கைகொடுக்குமா என்று பார்த்தேன். அதிலும் துப்பு கிடைக்கவில்லை. தேடிப் பார்த்த மேற்கோள்களில் இடத்துக்கும் காலத்துக்கும் அடையாகவே இச்சொல் வருகிறது.

காற்றுக்கே அடையாக ‘ஓப்போர்ட்டூனுஸ்’ வரும் பண்டைய லத்தீன் வரி எங்கேனும் உண்டா?